இருபத்தைந்தாவது பதிவு

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பிறந்து பன்னிரண்டு வாரமே ஆன பொன்செல்வியின் பெயரில் ஏறிய கடன் அது. பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. கடன் நின்றுவிட்டது.

அளத்தில் உப்பு வாரிவிட்டு உச்சிப்பொழுதில் வீடு திரும்பிய முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. புருஷன் தவசிக்கனி காலில் உப்புப்புண்ணோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கட்டைவிரலில் மை காயவில்லை. எதிரே நாற்காலியில் நர்ஸ் பியூலா, மடியில் பிள்ளை. பிள்ளையின் தலையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை.

"என்னது சிஸ்டர், காய்ச்சலா? துணி சுத்திருக்கு?"

"காய்ச்சல் இல்லக்கா. இது பார்வைப் பட்டை. பாப்பாவுக்கு என்ன தெரியுதோ அதை நமக்குக் காட்டும்."

"அவதான் முழிச்சு முழிச்சுப் பாக்காளே. கண்ணுல என்ன கொறை?"

"கண்ணுல ஒரு கொறையும் இல்ல. பொறந்ததும் ஏழு நிமிஷம் அழாம கெடந்தால்லா? அப்ப மூளைக்குக் காத்து பத்தல. அப்படிப் பொறக்குற பிள்ளைங்கள்ல சிலதுக்குக் கண்ணு பிடிச்சுக் குடுக்குறத மூளை வாங்கிக்காது. முன்னெல்லாம் இது நடக்குற வயசுல, தட்டுமுட்டுச் சாமான்ல மோதி விழுகையிலதான் தெரியவரும். இப்பமே தெரிஞ்சா மூளையப் பழக்கிரலாம். இளசா இருக்கும்போதே வழி போடணும். பதினாறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பயிற்சியில எடம்."

முத்துப்பேச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள். அவள் எழுத்துப் படித்தது முப்பத்தோராவது வயதில். அளத்து ஆட்களுக்கென்று ரேஷன் கடைக்குப் பின்னால் நடந்த சாயங்கால வகுப்பில். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றால் எல்லா பஸ்ஸும் ஒன்றுதான். நெற்றியில் என்னவோ கோணல் கோணலாக எழுதியிருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் யாரையாவது கேட்க வேண்டும்.

"எழுத்துப் படிக்குறதுக்கு முன்னால நான் பஸ் போர்டப் பாத்த மாதிரியா? போர்டு தெரியும், ஊரு தெரியாது."

பியூலா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "எங்களுக்கு ரெண்டு நாள் வகுப்பெடுத்தாங்கக்கா. இதை இப்படி ஒருத்தரும் சொல்லல."

பட்டை சென்னையிலிருந்து வந்தது. முன்பார்வை என்று ஓர் அறக்கட்டளை. பட்டையோடு கையகலத் திரைப்பலகை ஒன்று, எப்படிச் செய்வது என்று ஒரு தாள். பதினான்கு நாள், காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் பட்டையைக் கட்டி, பிள்ளைக்குத் தாய் தகப்பன் முகத்தைக் காட்ட வேண்டும். பலகையில் தெரிவது தானாகச் சென்னைக்குப் போய்விடும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் இருபத்தெட்டுப் பதிவையும் சேர்த்துப் பார்த்து மூன்றில் ஒன்று சொல்லும்: பார்க்கும், பயிற்சியால் பார்க்கும், பார்க்காது.

"காசு?" என்றாள் முத்துப்பேச்சி.

தவசி தொண்டையைச் செருமினான். "பட்டைக்கும் சோதனைக்கும் மாசம் ஆயிரத்து அறுநூத்திப் பத்து. ரெண்டு வருசம். பெரிசா ஒண்ணும் இல்ல."

"கடன் தாள வாசிக்காமலா பெருவிரல வச்சிய?"

"சிஸ்டர் வாசிச்சுக் காமிச்சாவ. நான் தலையாட்டுனேன். ஏளா, பிள்ளைக்குக் கண்ணுன்னு சொல்லுதாவ. நான் பேரம் பேசிக்கிட்டா இருக்க முடியும்?"

அவளாயிருந்தாலும் வைத்திருப்பாள்.

*

மறுநாள் விடியலிலேயே ஆரம்பித்தார்கள்.

அளத்து வாசலில் முகம் பிடிக்கும் பெட்டி ஒன்று உண்டு. காலை ஐந்து மணிக்கு ஒருதரம், வேலை முடிந்து ஒருதரம் அதன் முன்னால் நிற்க வேண்டும். நாடியை நிமிர்த்தி, வாயை மூடி, இமை தட்டாமல், ஐந்து எண்ணும் வரை அசையாமல். அசைந்தால் பெட்டி சிவப்பு காட்டும். மூன்று சிவப்புக்கு அரைநாள் சம்பளம் போச்சு. கொசு கடித்தாலும் நிற்பார்கள். வயிற்றுப்போக்கில் துடித்தாலும் நிற்பார்கள். ஆறு வருஷமாக அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் உடம்பில் ஊறிப்போன பாடம் அது. மெஷினைக் கண்டால் கல்லாகிவிட வேண்டும்.

எனவே பட்டையைக் கட்டி, பலகையில் பச்சை விளக்கு எரிந்ததும் முத்துப்பேச்சி சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, பிள்ளைக்கு ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி. பத்து நிமிஷம் முடிந்ததும் கழுத்து இழுத்துக்கொண்டது. மறுநாள் தவசி உட்கார்ந்தான். அவன் இன்னும் பெரிய கல்.

பலகையில் ஒன்றும் வரவில்லை. மார்கழி விடியலில் அளத்தின் மேல் இறங்கும் பனிபோல வெறும் சாம்பல். சில சமயம் ஓரத்தில் வெளிச்சம் கசியும்; அது பல்பு. முகம் இல்லை. முகம் மாதிரியும் எதுவும் இல்லை.

"கிட்டப் போ," என்பான் தவசி, உதடு அசையாமல்.

"போயாச்சு. மூக்கு இடிக்குது."

"பொட்டப் பெரிசா வச்சுப் பாரு."

பொட்டைப் பெரிசாக வைத்தாள். கண்ணுக்கு மை தீட்டினாள். சாம்பல் அப்படியே இருந்தது. நாலாம் நாள், எட்டாம் நாள், பதினோராம் நாள். அவள் முகம் அந்தப் பிள்ளையின் மண்டைக்குள் போய்ச் சேரவே இல்லை. முலையில் வாய் வைத்துக் குடிக்கும்போது அது எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் முத்துப்பேச்சிக்குத் தான் ஒரு வாசனையாகவும் பாலாகவும் மட்டும் அதற்கு இருப்பது போலத் தோன்றும். அழவில்லை. அழுதால் காலையில் முகம் வீங்கி, பெட்டி பிடிக்காது.

பன்னிரண்டாம் நாள் நாலாவது வீட்டு சந்தனமாரி வந்தாள், இடுப்பில் ஏழு மாதக் கௌதமோடு. அவனும் பிறந்ததும் அழாதவன். மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுக்கும் இதே பட்டை, இதே சாம்பல். பார்க்காது என்று எழுதி வந்துவிட்டது.

"ஏளா பேச்சி, மொகத்த என்ன இப்படி வச்சிருக்க? எழுதி வந்துட்டா நிம்மதிளா. கடன் பூராவும் தள்ளுபடி. மாசம் ரெண்டாயிரம் பென்சன் வேற. எனக்கு வருதுல்லா?"

"பிள்ளை பாக்கலியேக்கா."

"பாக்கலதான். அதுக்கு நம்ம என்ன செய்ய? குடுத்தவன் குடுத்ததுதான்." சந்தனமாரி கௌதமின் எச்சிலைத் துடைத்தாள். துடைத்த கை கொஞ்ச நேரம் அவன் கன்னத்திலேயே இருந்தது. "இவன் என் சத்தத்துக்குச் சிரிக்கான். எனக்கு அது போதும்னு வச்சிக்கிட்டேன்."

*

பதின்மூன்றாம் நாள் அளத்தில் லாரி வரும் நாள். ஏழு மணிக்குள் நாலு பாத்தி வாரி மேட்டில் ஏற்ற வேண்டும் என்று கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். காலைப் பதிவும் ஏழு மணிக்குள் எடுத்தாக வேண்டும். முத்துப்பேச்சி பிள்ளையை அளத்துக்கே தூக்கி வந்தாள். தவசியும் நொண்டிக்கொண்டே வந்தான். ஓலைக் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டான்.

"மெஷின் முன்னால யாரு உக்காருதது?" என்றான்.

"ஒருத்தரும் வேண்டாம். இருபத்தி நாலு தடவை உக்காந்தாச்சு, ஒண்ணும் வரல. கட்டி மட்டும் வைங்க, கணக்குக்கு ஆச்சு."

அவள் கொட்டகையை ஒட்டிய பாத்தியிலேயே இறங்கினாள். சேலைக்கு மேல் தவசியின் பழைய மஞ்சள் சட்டை. நீளக்கம்பில் கோர்த்த வாருகட்டையை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, தள்ளி, இழுத்து. உப்பு சலசலத்து ஒதுங்கியது. வெயில் கொட்டகைக்குப் பின்னால் இருந்ததால் முன்னால் கண்ணைக் கூசவில்லை. வெறும் வெள்ளைப் பரப்பு, நடுவில் அவள்.

"பேச்சி!"

திரும்பினாள்.

"பலகையில என்னமோ வந்துச்சு. இப்பப் போயிட்டு."

"என்ன வந்துச்சு?"

"மஞ்சளா. கோழிக்குஞ்சு மாதிரி. அங்கிட்டும் இங்கிட்டும் போச்சு. நீ இங்கன எட்டிப் பாத்ததும் காணோம்."

"வெயில் பட்டிருக்கும்." அவள் மறுபடி வாரினாள்.

"ஏட்டி! வந்துட்டு! வாரு, வாரு, நிறுத்தாத!"

நின்றாள். "இப்ப?"

"போச்சு."

வாரினாள்.

"வந்துட்டு!"

கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் இருந்து கத்தினார். "என்னடே, புருசனும் பொஞ்சாதியும் கண்ணாமூச்சி ஆடுதியளா?"

முத்துப்பேச்சி வாருகட்டையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஏறி வந்தாள். பலகையில் சாம்பல். பிள்ளையின் முன்னால் நின்று, ஒரு கையை மட்டும் தூக்கி மெதுவாக ஆட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஆட்டினாள். சாம்பலுக்குள் ஒரு மஞ்சள் ஊறி வந்தது. தாமதமாகத்தான் வந்தது, பாத்தியில் தண்ணீர் ஏறுவது போல. கை போன பக்கம் அதுவும் போனது. விளிம்பு இல்லாத ஒரு மஞ்சள் அப்பம்.

"அது யாருங்க?" என்றாள்.

"யாரா? என் சட்டையப் போட்டுக்கிட்டு இங்கன வேற எவ நிக்குதா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். அவன் துண்டை ஆட்டிப் பார்த்தான். வெள்ளைத் துண்டு வரவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், கொஞ்சம் வந்தது. சட்டையோடு குனிந்து நிமிர்ந்தாள், நன்றாக வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டினால் எல்லாம் கலங்கிப் போனது. ஒருவர் ஆட்டி, ஆறு எண்ணும்வரை பொறுத்தால் திரும்பத் தெளிந்தது. தவசி உப்புப்புண் காலை மறந்து எழுந்து குதித்து, "ஆத்தே" என்று மறுபடி உட்கார்ந்தான்.

லாரி வந்தபோது இரண்டு பாத்திதான் வாரியிருந்தது.

*

மறுநாள் மத்தியானம் வந்த பியூலா, கேட்டதும் சிரிக்கவில்லை.

"இத்தனை நாளும் எப்படி உக்காந்தீங்க? உக்காந்து காட்டுங்க."

தவசி உட்கார்ந்து காட்டினான். நாடி நிமிர்ந்து, வாய் மூடி, இமை தட்டாமல்.

"ஏண்ணே இப்படி?"

"மெஷினுக்கு முன்னால அசையக் கூடாதுல்லா?"

பியூலா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சென்னையில எந்தத் தாயும் இப்படி உக்கார மாட்டா. பிள்ளை முன்னால வந்தா தலைய ஆட்டுவா, கொஞ்சுவா, கைய நீட்டுவா. அது தன்னால வர்றது. அதனாலதான் தாள்ல எழுதவே இல்ல. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு நிக்குற பொருளைவிட அசையுற பொருள் சீக்கிரம் தெரியும்னு புஸ்தகத்துல இருக்கு. வீட்டுக்குள்ள சட்டி பானை, துணி, படம், எல்லாம் கலந்து கெடக்கும், பிரிக்கத் தெரியாது. அளத்துல வெறும் வெள்ளை, ஒத்த மஞ்சள். பாப்பா பாத்துட்டா."

"அப்ப எழுதிருவாங்கல்லா, பயிற்சியால் பார்க்கும்னு?"

பியூலா பலகையைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "நேத்து ரெண்டு பதிவு, இன்னைக்குக் காலம்பற ஒண்ணு. சாயங்காலம் எடுத்தாலும் நாலு. முன்னால இருபத்தி நாலு சாம்பல். கம்ப்யூட்டர் இதை இரைச்சல்னு தள்ளிருக்கு. பலகை ஆடிருக்கும்னு நெனைக்குது. வெள்ளிக்கிழமை முடிவு. இப்படியே போனா பார்க்காதுன்னுதான் வரும்."

"திருப்பி எடுப்போம். இன்னொரு பதினாலு நாளு."

"அதுக்குள்ள பதினாறு வாரம் தாண்டிரும். எடம் போயிரும்." அவள் யோசித்தாள். "ஒரு பிள்ளைக்கு வந்தா மெஷின் கோளாறும்பாங்க. வேற ஒரு பிள்ளைக்கும், ஏற்கனவே சாம்பல் வந்த பிள்ளைக்கு, அசைஞ்சா தெரியுதுன்னு ஒரு பதிவு இருந்தா நான் மேல பேச முடியும்."

வேறு பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலாவது வீடு.

முத்துப்பேச்சி தகரப்பெட்டியிலிருந்து கடன் தாளை எடுத்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வரி வரியாக இறங்கினாள். தவசி பொறுமையில்லாமல் தலையைச் சொறிந்தான். பதினோராவது வரியில் அவள் விரல் நின்றது.

"பார்க்காதுன்னு வந்தா கடன் தள்ளுபடி. பெறவு முடிவு மாறினா கடன் திரும்பவும் உயிர் பெறும். வாங்குன பென்சனையும் கட்டணும்."

"என்னது?" என்றான் தவசி. "பிள்ளை பாத்தா கடன், பாக்கலைன்னா கடன் இல்லியா? எந்தக் கிறுக்கன் எழுதுனது?"

"கண்ணு தெரியாத பிள்ளைக்கு உதவியா இருக்கட்டும்னுதான் எழுதினாங்க அண்ணே," என்றாள் பியூலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

*

சந்தனமாரி அடுப்பில் இருந்த மீன்சட்டியை இறக்கிவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"முப்பத்தெட்டாயிரம். அதோட பென்சன் ஆறாயிரம். எடுத்து நீ தருவியா?"

"நான் எங்க போவேன்க்கா."

"என் வீட்டுக்காரர் லாரியில போயி பதினஞ்சு நாளாச்சு. வர்ற காசுல பாதி டீசலு, பாதி போலீசு. அந்த ரெண்டாயிரம்தான் அரிசி. அதுல மண்ணள்ளிப் போட வந்திருக்கியா? உன் பிள்ளை பாக்குறதுக்கு என் பிள்ளை கடன்காரன் ஆவணுமா?"

நியாயமான கேள்விதான். "இல்லக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை போனது. கடைசிப் பதிவும் போனது.

வியாழக்கிழமை காலை அளத்துக்குப் போகும் பாதையில் பின்னால் செருப்புச் சத்தம். சந்தனமாரி, இடுப்பில் கௌதம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏளா, நெசமாவே உன்னப் பாத்தாளா அவ?"

"பாத்தா."

"எப்படி இருந்த நீ?"

"மஞ்சளா. அப்பம் மாதிரி."

சந்தனமாரி கௌதமை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "ராத்திரி பூரா இவன் முன்னால கையக் கைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கிறுக்கி மாதிரி. கண்ணு திரும்புதா திரும்பலையான்னு சொல்ல முடியல. எனக்கு ஒரே ஒரு தடவ பாக்கணும். சென்னைக்கு அனுப்பக் கூடாது. பாத்துட்டுப் போயிருவேன்."

பியூலாவைப் போனில் கூப்பிட்டார்கள். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பலகையின் இணைப்பை அணைத்தாள். "இப்ப எதுவும் போகாது. எடுத்து முடிச்சதும் கேக்கும், அனுப்பவா அழிக்கவான்னு. உங்க இஷ்டம்." பட்டையைக் கௌதமின் பெரிய தலைக்கு இழுத்துக் கட்டினாள். அதற்குள் அவள் போன் அடித்தது. வேறெங்கோ பிரசவ வலி. பேசிக்கொண்டே ஸ்கூட்டர் பக்கம் போனாள்.

மஞ்சள் சட்டையைச் சந்தனமாரி போட்டுக்கொண்டாள். பாத்தியில் இறங்கினாள். கௌதம் முத்துப்பேச்சியின் மடியில்.

"ஆட்டுக்கா. நல்லா ஆட்டு. பொறு. இப்ப மறுபடி."

சாம்பல். சாம்பல். பிறகு வந்தது. பொன்செல்விக்கு வந்ததைவிடத் தெளிவாக, நீட்டமாக, மேலே ஒரு கருப்போடு. அது சந்தனமாரியின் தலைமுடி. கௌதம் கழுத்தை முன்னால் நீட்டினான். அதுவரை யார் சத்தம் போட்டாலும் சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பும் பிள்ளை, இப்போது சத்தமே இல்லாமல் ஆடும் மஞ்சளை நோக்கி வாயைத் திறந்து, தொண்டைக்குள் கிளுகிளுவென்று சிரித்தது.

சந்தனமாரி ஓடி வந்து பலகையைப் பார்த்தாள். ஓடி வந்ததையும் அது காட்டிக்கொண்டிருந்தது: மஞ்சள் பெரிதாகிப் பெரிதாகிப் பலகை முழுவதும் நிறைந்தது. அவள் உப்பு வரப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மாசமா நான் இவன் முன்னால நடந்திருக்கேன். ஆடிருக்கேன். அப்பல்லாம் பாத்திருக்கான். நான்தான் இருட்டுல இருக்கான்னு நெனச்சுக்கிட்டு..."

பத்து நிமிஷம் முடிந்து பலகை மணி அடித்தது. இரண்டு கட்டங்கள் வந்தன. சந்தனமாரிக்கு எழுத்து தெரியாது. பியூலா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"எதுளா அழிக்கிறது?"

முத்துப்பேச்சி பார்த்தாள். இடப்பக்கம் அழி. வலப்பக்கம் அனுப்பு. விரலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திக் காட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பொன்செல்விக்கு நாளைக்கு விட்டால் நாள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருதரம், தெற்கே போகும் பஸ்ஸைக் கேட்டபோது ஒருத்தன் வேண்டுமென்றே வடக்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சிரித்தது அவள் நெஞ்சில் இன்னும் ஆறாமல் கிடந்தது.

"இடதுபக்கம்," என்றாள். "இடது அழிக்கிறது. வலது அனுப்புறது."

சந்தனமாரியின் விரல் இடப்பக்கத்துக்கு மேல் போய் நின்றது. பலகையைப் பார்க்காமல் முத்துப்பேச்சியின் முகத்தையே பார்த்தாள்.

"உண்மையத்தான் சொல்லிருக்க. மொகரையில தெரியுது. பொய் சொல்லிருந்தா இப்படியா வேர்க்கும்?" விரலை எடுத்தாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "கடன் கெடக்கட்டும். எந்தக் கடனத்தான் நம்ம கட்டாம விட்டோம்?" வலப்பக்கத்தை அமுக்கினாள். அழுத்தமாக, கைநாட்டு வைப்பது போல.

*

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன் பியூலாவின் போன் வந்தது. பொன்செல்வி: பயிற்சியால் பார்க்கும். கௌதமுக்கும் அதேதான், தாமதமானாலும் பரவாயில்லை என்று தனியாக ஓர் இடம். தவசி கருப்பட்டி வாங்கிவந்து நாலு வீட்டுக்கும் காப்பி போட்டான். முதல் டம்ளரைச் சந்தனமாரிக்குக் கொடுத்தபோது அவள், "கடன்காரிக்குக் கருப்பட்டி கூடவே போடுங்க கொழுந்தனாரே" என்றாள்.

அடுத்த வாரம் தாள் வந்தது. முத்துப்பேச்சிக்கு முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. சந்தனமாரிக்கு நாற்பத்து நாலாயிரத்து அறுநூற்று நாற்பது.

அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வகுப்பில் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறாள், கடிதம் எழுதியதில்லை. இரண்டு தாள் வீணாகி மூன்றாவதில் முடிந்தது.

'ஐயா, பிள்ளை பார்க்காது என்று எழுதினீர்கள். பிள்ளை பார்த்தது. நாங்கள்தான் அசையவில்லை. அளத்தில் மெஷின் முன்னால் அசைந்தால் எங்களுக்குச் சம்பளம் இல்லை. அசைய வேண்டும் என்று உங்கள் தாளில் இல்லை. சோதனை தப்பாக நடந்தது. தப்பாக நடந்த சோதனைக்குக் கடன் எப்படி வரும்? இங்கே இன்னும் பல அளம் இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் பார்க்காது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். கடன் திரும்பி வரும் என்று பயந்து அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். பதினோராவது வரியை அடித்துவிடுங்கள். இப்படிக்கு முத்துப்பேச்சி, உப்பு வாருகிறவள்.'

பியூலா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

ஒரு மாதம் சத்தமே இல்லை. முதல் தவணை போனது. இரண்டாவது தவணைக்கு முந்தின நாள் பியூலா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து முத்துப்பேச்சியிடமே கொடுத்தாள். தவசியும் சந்தனமாரியும் இரண்டு தோள் வழியாகவும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன போட்டிருக்கு? ஏளா, சொல்லேன்."

"பொறுங்க. வருது." விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. "கரு... கருவிப்... பழுது... காரணமாக."

"என்ன பழுது?"

"பட்டை பழுதாம். உப்பளப் பகுதியில குடுத்த பட்டை அம்பத்தி மூணும் பழுதாம். எல்லாப் பிள்ளைக்கும் புதுப் பட்டையில மறுபடி சோதனை. பழைய பட்டைய ஒப்படைக்கணுமாம்."

சந்தனமாரி வாயைப் பிளந்தாள். "பழுதா? இத்தனை கூத்துலயும் நெசத்தச் சொன்னது அந்தப் பட்டை ஒண்ணுதான்ளா!"

"தாளுதான் பழுதுன்னு அவங்களால எழுத முடியலக்கா," என்றாள் பியூலா. "எழுதினா யாரோ ஒருத்தருக்கு வேலை போகும். பட்டைக்கு வேலை போகாது." புதுப் பட்டையோடு வரும் தாளைக் காட்டினாள். முதல் வரியே பெரிய எழுத்தில் இருந்தது: பிள்ளையின் முன் அசைந்துகொண்டே இருங்கள்.

தவசி அதைக் காதில் வாங்கவில்லை. "கடன்? அதச் சொல்லுங்க முதல்ல."

முத்துப்பேச்சி கடைசி வரிக்கு வந்திருந்தாள். உதடு அசைந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"பழுதான கருவிக்குரிய கடன்... பென்சன் பாக்கியோடு முழுவதும் தள்ளுபடி. கட்டிய தவணை திருப்பித் தரப்படும். நிலுவை..." அவள் மறுபடி ஒருதரம் விரலை வைத்து, கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நிலுவை இல்லை."